வெண்ணெய்ப்பழக் கொட்டையும் வகுப்பறை அறிவியலும்



நம் தொடக்கப்பள்ளிகளில் விதை முளைத்தல் என்றாலே பச்சைப்பயறும் ஈரப் பஞ்சும்தான். திங்கட்கிழமை வைத்தால் புதன்கிழமை முளை, வெள்ளிக்கிழமை அறிக்கை, மறுவாரம் குப்பைத்தொட்டி. இதில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. பச்சைப்பயற்றின் மீதன்று; அது நல்ல விதை. விடை முன்கூட்டியே தெரிந்திருப்பதால், மாணவர்கள் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிடுகிறார்கள். பயிற்சி நூலில் உள்ள வாக்கியம் அப்படியே அறிக்கையில் வந்து அமர்கிறது. உற்றறிதல் என்னும் திறனுக்கு அங்கே வேலையே இல்லை.

ஆகவே, வெண்ணெய்ப்பழம், அதாவது அவகாடோ, வாங்கும் பெற்றோர் அதன் கொட்டையை எறிந்துவிடாமல் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

முறை எளிது. ஒட்டியுள்ள சதையைக் கழுவிவிட்டு உடனே ஊன்ற வேண்டும். கொட்டை உலர்ந்தால் உயிர் போய்விடும். தட்டையான பக்கம் கீழே, கூர் மேலே. மூன்று பல்குத்தும் குச்சிகளைச் செருகித் தண்ணீர்க் குவளையின் மேல் நிறுத்துவது பலரும் அறிந்த வழி. வேர் இறங்குவதைக் கண்ணால் காணலாம் என்பது அதன் சிறப்பு. ஆனால் நாம் வாழ்வது டிங்கி ஊரில்! ஏடிஸ் முட்டை பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். கொட்டை முளைக்கவோ மூன்று முதல் ஆறு வாரம், சில வேளை அதற்கும் மேல். இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றிக் குவளையைத் தேய்த்துக் கழுவ இயலாத வீட்டில் அந்த வழி வேண்டாம். அடியில் துளையிட்ட நெகிழிப் பையில் மணல் கலந்த மண்ணிட்டு, கொட்டையின் மேற்பாதி தெரியும்படி ஊன்றுங்கள். நீர் தேங்கினால் வேர் அழுகும்.

பிறகு காத்திருத்தல். முதல் சில வாரம் ஒன்றும் நடவாது. “இன்று மாற்றமில்லை” என்று பிள்ளை எழுதட்டும். அது சோம்பல் வாக்கியமன்று; கண்டதை எழுதுவது. பின்னர்க் கொட்டை இரண்டாகப் பிளக்கும். வேர் முதலில் இறங்கும், தண்டு பிறகே எழும். பச்சைப்பயற்றில் வித்திலைகள் தண்டோடு மேலே வந்துவிடும். இதிலோ அவை கொட்டையாகவே கீழே தங்கிச் செடிக்கு உணவூட்டும். இரண்டையும் அருகருகே வைத்தால், இந்த வேறுபாட்டை நான்காம் ஆண்டு மாணவன் தானே கண்டுபிடிப்பான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். முளைக்காத கொட்டைக்குப் பதிலாக நாற்றுக் கடையில் செடி வாங்கி வைக்காதீர்கள். இப்படியும் நடக்கிறது. பயற்று நாற்றே ஒருமுறை எங்கள் வகுப்பில் ஓரிரவில் ஒரு சாண் வளர்ந்து வந்தது! பிள்ளைக்கும் தெரியும், வகுப்பில் மற்றவர்களுக்கும் தெரியும். பத்து வயதில் அந்தப் பிள்ளை அறிவியலைப் பற்றி என்ன நினைத்திருக்கும்? ஆசிரிய நண்பர்களும் முளைத்ததற்காக மதிப்பெண் தராமல், நாள்தோறும் எழுதிய குறிப்பேட்டுக்குத் தர வேண்டும். நேரம் ஏது என்பீர்கள். நாளைக்கு இரண்டு நிமிடம் போதும், யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. வகுப்புசார் மதிப்பீட்டில் இதற்குத் தாராளமாக இடமுண்டு.

“காய்க்குமா, சார்?” என்று மாணவர்கள் கேட்பார்கள். மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். விதைக்கன்று காய்க்க ஐந்தாண்டு ஆகலாம், பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம், காய்க்காமலும் போகலாம். காய்த்தாலும் தாய்ப்பழம் போல இராது. தோட்டக்காரர் ஒட்டுக்கன்று நடுவது இதனால்தான். ஆயினும் கடைகளில் கிடைக்கும் கரடுமுரடான தோலுடைய ஹாஸ் வகையே ஒரு விதைக்கன்றில் தற்செயலாகத் தோன்றியதுதான். கலிபோர்னியாவில் அஞ்சல்காரராக இருந்த ருடால்ஃப் ஹாஸ், 1920களில் ஊன்றிய கொட்டை அது. ஒட்டுக் கட்டிப் பார்த்தார், பிடிக்கவில்லை, அப்படியே வளரவிட்டார். 1935இல் அந்த வகைக்குக் காப்புரிமை பெற்றார். தாய்மரம் 2002இல் பட்டுப்போனது. இன்றைய ஹாஸ் மரங்கள் யாவும் அதன் ஒட்டு வழி வந்தவை. இந்த வரலாற்றையும் வகுப்பில் சொல்லலாம்.

நீண்ட விடுமுறைக்கு முன் பைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிவிடுங்கள். அடுக்குமாடி வீடாயின் வெயில் படும் சன்னலோரம் போதும். நிலத்தில் நட இடமிருந்தால் சுவரையும் சாக்கடையையும் விட்டுத் தள்ளி நடுங்கள். பத்து மீட்டருக்கு மேலும் உயரக்கூடிய மரம் அது.