பழைய பட்டியலை இனி அடித்துவிடுவோம்

மாற்றுச் சிறுநீரகத்தோடு வீடு திரும்புகிறவரின் அடுப்படியில் டயாலிசிஸ் காலத்து உணவுப் பட்டியல் அப்படியே தொங்குகிறது. பால் கூடாது, முள்ளோடு தின்னும் சின்ன மீன் கூடாது, மரக்கறியை ஊறவைத்து வடிக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர்கள் நாம்தான். அதை மாற்றவேண்டியவர்களும் நாம்தான்.

சத்திரசிகிச்சைக்குப் பின் கணக்கு மாறிவிடுகிறது. புதிய சிறுநீரகம் பொஸ்பரசை அதிகமாக வெளியேற்றுவதால், முதல் மாதங்களில் பலருக்குக் குருதியில் அது குறைந்துபோகிறது. காயம் ஆற, முதல் 4 வாரங்களில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.3 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. இந்த நேரத்தில் பொஸ்பரசும் புரதமும் தரும் வாவி மீனையும் பாலையும் மறுப்பது நோயாளிக்கு நட்டம். பொட்டாசியம் மட்டும் வேறு கதை: டாக்ரோலிமஸ், கோட்ரைமோக்சசோல் ஆகிய மருந்துகள் அதை உயர்த்தக்கூடும். ஆகவே வாழைப்பழத்தையும் இளநீரையும் குருதி அறிக்கையைப் பார்த்தே அனுமதிக்க வேண்டும்.

மருந்துகள் எதிர்ப்புச்சக்தியைக் குறைப்பதால், இனிப் பயப்படவேண்டியது கிருமிக்கு. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் மட்டியும் நண்டும் நன்றாக வெந்தபின்பே தட்டுக்கு வரவேண்டும். உவர்நீரில் வாழும் விப்ரியோ என்ற கிருமி, எதிர்ப்புச்சக்தி குறைந்தவரின் உயிரையே பறிக்கக்கூடியது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கேள்வி தயிர்ச்சட்டியைப் பற்றியது. பால் பொங்கக் காய்ச்சப்பட்டதா? உறை எங்கிருந்து வந்தது? சட்டி எத்தனை மணிநேரம் தெருவோரத்தில் இருந்தது? பதில் தெரியாவிட்டால், வீட்டில் காய்ச்சி உறையவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த தயிரே நல்லது.

மருந்தும் சாப்பாடும் மோதும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். பம்ளிமாஸ் பழம் டாக்ரோலிமசை உடைக்கும் நொதியைத் தடுத்து, குருதியில் மருந்தை ஏற்றிவிடும். அது அறவே வேண்டாம். கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு விழுங்கினால் மருந்து குறைவாகவே உறிஞ்சப்படும். ஒருநாள் வெறுவயிற்றில், மறுநாள் பால்சோற்றோடு என்றிருந்தால் குருதியில் மருந்தின் அளவு ஏறி இறங்கும். நாமோ காரணம் தெரியாமல் வேளைமருந்தை மாற்றிக்கொண்டிருப்போம். பிரெட்னிசொலோன் மருந்து பசியையும் குருதிச் சீனியையும் கூட்டும் என்பதால் சோற்றின் அளவையும் பேச வேண்டும். கருவாடு தினமும் என்றால், நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்ற எல்லை நிற்காது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், சமைப்பவரையும் அழைத்து உட்காரவைப்போம். பழைய தாளை அவர் முன்னாலேயே அடித்துவிட்டு, திகதியிட்ட புதிய தாளைக் கொடுப்போம். ஒவ்வொரு கிளினிக்கிலும் அதைக் குருதி அறிக்கையோடு வைத்துத் திருத்துவோம்.