குடியும் குலமும்: தமிழ்மொழிமூலச் சமூகவியற் கலைமாணிக் கற்கை குறித்துச் சில கருத்துகள்

வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் தரமுயர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகம், பேராதனையோடும் கொழும்போடும் ஒப்பிடுகையில் சிறியதோர் அரச பல்கலைக்கழகமாகும். இத்தகைய நிறுவனங்களில் தமிழ்மொழிமூலம் சமூகவியல் பயிலும் கலைமாணி மாணவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே குறையையே சுட்டுவர்: மாணவரிடம் ஆங்கில அறிவு போதாது, ஆதலால் துறையறிவும் போதாது. இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும் இதனினும் ஆழமான ஒரு குறை, மாணவர் எழுதும் தமிழுக்குள்ளேயே இருக்கிறது. தம் ஊரை ஆராயப் புகும் மாணவர், அவ்வூர் தன்னைக் குறிக்க வழங்கும் சொற்களைக் கைவிட்டு, ஆங்கிலக் கலைச்சொற்களுக்கு நிகராக ஆக்கப்பட்ட சொற்களாலேயே அதனை விவரிக்கப் பழக்கப்படுகின்றனர்.

குடி என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடி என்பது தாய்வழியாக வரும் உறவுக்குழு. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணம் செய்வது மரபன்று. கோயிற் சடங்குகளின் உரிமையும் முறையும் குடிகளுக்கிடையே வகுக்கப்படுகின்றன. இவ்வமைப்பு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. இப்பிரதேச முஸ்லிம்களிடையேயும் குடிகள் உண்டு. பள்ளிவாசல் நிருவாகத்தில் மரைக்காயர்கள் தத்தம் குடியின் சார்பில் இடம்பெற்றதும் இம்மரபின்பாற்பட்டதே. நூர் யால்மன் 1967இல் வெளியிட்ட நூலிலும், டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றை மையமாக வைத்து எழுதி 2008இல் வெளியிட்ட நூலிலும் கிழக்குக் கரையின் உறவுமுறை விரிவாக ஆராயப்பட்டுள்ளது. இவ்வகை ஆங்கில நூல்களில் குடி என்பது முதலில் ஓர் ஆங்கிலக் கலைச்சொல்லாகிறது. பின்னர் அக்கலைச்சொல் தமிழ்ப் பாடக்குறிப்பில் ‘குலம்’ என்றோ ‘கணம்’ என்றோ திரும்பி வருகிறது. வீட்டிலே தன் குடியின் பெயரை அறிந்த மாணவர், தேர்வுத்தாளிலே குலத்துக்கு வரைவிலக்கணம் எழுதுகிறார். இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவை என்பது பலருக்குத் தோன்றாமலே போய்விடுகிறது. குலம் என்னும் சொல் தமிழில் சாதியையும் தந்தைவழி மரபையும் நினைவூட்டுவதால் குழப்பம் இன்னும் மிகுகிறது. ‘குடிமை’, ‘குடிசெயல்வகை’ எனத் திருக்குறளில் அதிகாரப் பெயர்களிலேயே நிற்கும் ஒரு சொல், சமூகவியல் வகுப்பில் மட்டும் கலைச்சொல்லாகும் தகுதி பெறாதிருப்பது வியப்புக்குரியது.

‘தாய்வழி’ என்னும் ஆக்கச்சொல்லும் இவ்வாறே வேறுபாடுகளை மூடிவிடுகிறது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை எள்ளிப் பாடிய நாஞ்சில்நாட்டு மருமக்கள் வழியும் தாய்வழிதான். அங்கே சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்குச் சென்றது. கிறிஸ்தோபர் பிறிற்றோ 1876இல் வெளியிட்ட முக்குவர் சட்டத் தொகுப்பும் உடன்பிறந்தாளின் மக்களுக்குச் செல்லும் உரிமையைப் பேசுகிறது. ஆனால் இன்றைய மட்டக்களப்பில் வீடும் காணியும் சீதனமாக மகளையே சேர்கின்றன. மருமகனிடமிருந்து மகளுக்கு உரிமை இடம்பெயர்ந்தது எங்ஙனம் என்பது ஒரு கலைமாணி மாணவர் தம் ஊரின் உறுதிகளையும் முதியோரின் நினைவுகளையும் கொண்டு ஆராயத்தக்க வினா. அவ்வினா எழுவதற்குச் சீதனமும் முதுசமும் வெவ்வேறாகப் பெயரிடப்பட வேண்டும். சீதனத்தை ‘வரதட்சணைப் பிரச்சினை’ என்னும் ஆயத்தத் தலைப்புக்குள் அடைத்துவிட்டால், பெண்ணின் பெயரில் எழுதப்படும் வீடும் மாப்பிள்ளை வீட்டார் கேட்டுப் பெறும் பணமும் ஒன்றெனவே தோன்றும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதனைப் பேசத் துறையினர் தயங்குவர். ஆக்கச்சொற்கள் சில வேளைகளில் புகலிடமாகவும் பயன்படுகின்றன. ‘சமூக அடுக்கமைவு’ என்று எழுதும்போது எந்தச் சாதி, எந்தக் கோயிலின் எந்த வாசல் என்று சொல்ல வேண்டியதில்லை. எழுதுபவருக்கும் மதிப்பிடுபவருக்கும் அது வசதியே. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னரும் போருக்குப் பின்னரும் தொண்டு நிறுவனங்களின் அறிக்கைத்தமிழ் இவ்வசதியைப் பெருக்கிற்று. ‘பயனாளி’, ‘வலுவூட்டல்’, ‘விழிப்புணர்வு’ ஆகியவை நிதி வழங்குவோருக்குக் கணக்குக் காட்டப் பிறந்த சொற்கள். அவை ஆய்வேட்டின் தலைப்பாகும்போது, முடிவும் பரிந்துரையும் கள ஆய்வுக்கு முன்னரே எழுதப்பட்டுவிடுகின்றன. பட்டம் பெற்றபின் அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனத்தையோ தொண்டு நிறுவனப் பணியையோ எதிர்நோக்கும் மாணவர் அம்மொழியைக் கற்பதில் தவறில்லை. அதனை மட்டுமே கற்பதில்தான் தவறு.

ஆங்கில மொழிமூலத்துக்கு மாறினால் இவையெல்லாம் தீரும் என்பார்க்கு ஒன்று கூறலாம். மேற்கூறிய நூல்களை மூலத்தில் வாசிக்கும் ஆற்றல் மாணவர்க்கு இன்றியமையாதது; அதில் சலுகைக்கு இடமில்லை. ஆயினும் வாசிப்பு மொழியும் ஆய்வு மொழியும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. மறுபுறம், வட்டாரச் சொற்களைத் திரட்டிவிட்டாலே சமூகவியல் ஆகிவிடும் என்பதும் ஏற்கத்தக்கதன்று. குடியை வரையறுக்காமல், ஏனைய சமூகங்களின் உறவுக்குழுக்களோடு ஒப்பிடாமல் எழுதப்படுவது ஊர்ப்பெருமையாகவே முடியும். வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) போன்ற நூல்கள் அரிய சான்றுகள். அவற்றைச் சான்றாகக் கொண்டு வினவும் பயிற்சியே கலைமாணிக் கற்கை தரவேண்டியது.

இப்பொறுப்பைச் சமூகவியல் துறையின் தலையில் மட்டும் சுமத்துவது முறையன்று. கைலாசபதியும் சிவத்தம்பியும் இலக்கியத்தைச் சமூக வரலாற்றோடு இணைத்துக் கற்பித்த மரபு ஈழத்துத் தமிழ்த்துறைகளுக்கு உண்டு. அம்மரபை உரிமை கொண்டாடுவோர், ஒரே வளாகத்தில் எழுதப்படும் சமூகவியல் ஆய்வேடுகளைப் புரட்டிப் பார்ப்பது அரிது. இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தமிழ்த்துறையிலிருந்து ஒருவர் இணை மதிப்பீட்டாளராக அமையலாம். எழுத்துப்பிழை திருத்துவது அவர் பணியன்று; களத்தில் கேட்ட சொல்லுக்கும் ஆய்வேட்டில் எழுதிய சொல்லுக்கும் இடையிலான தூரத்தை மாணவரிடம் வினவுவதே அவர் பணி. ஒவ்வோர் ஆய்வேட்டின் பின்னிணைப்பிலும் களச்சொற்கள் இருபது, அவற்றை வழங்கியோர் யாவர், எச்சூழலில் வழங்கினர் என்னும் குறிப்புகளோடு இடம்பெறுமாயின், சில ஆண்டுகளில் அந்நூலகத்தில் சேரும் சொற்றொகுதி எந்தக் கலைச்சொற்குழுவாலும் மேசையிலிருந்து ஆக்க இயலாததாக இருக்கும். இதற்குப் புதிய நிதியோ புதிய பதவியோ வேண்டியதில்லை. இரு துறைகளும் ஒப்பினால் அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.