கடனுக்குப் பின்பே பங்கு!



ஒருவர் மரணித்துவிட்டால் அவர் விட்டுச் சென்ற சொத்தை எவ்வரிசையில் செலவிட வேண்டும் என்பதை நாம் நன்கறிவோம். அடக்கச் செலவு, அதன்பின் கடன், அதன்பின் வஸிய்யத். இவை போக எஞ்சியதே வாரிசுகளின் பங்கு. கடனே சொத்து முழுவதையும் விழுங்கிவிட்டால் வாரிசுக்கு வெறுங்கைதான்.

கம்பெனியின் பங்குதாரரும் இந்த வாரிசைப் போன்றவரே. அவரைக் கம்பெனியின் சொந்தக்காரர் என்று அழைக்கின்றனர், பெயர் பெரிதுதான். எனினும் கம்பெனி நொடிந்துவிட்டால் வங்கிக்கும், கடன் பத்திரம் வாங்கியோருக்கும், ஊழியருக்கும், சரக்குக் கொடுத்தோருக்கும் சேர வேண்டியது சேர்ந்த பின்னரே அவர் முறை வரும். பெரும்பாலும் அதற்குள் பாத்திரம் காலியாகிவிடும்.

இதை மறந்தவர்களின் காதில்தான் ஒரு பேச்சு இனிமையாக ஒலிக்கிறது. "கம்பெனி கடனில் தத்தளிக்கிறது, ஆனால் அதனிடம் சுரங்கம் இருக்கிறது. பெரிய நிறுவனம் ஒன்று வாங்கப் போகிறதாம். இப்போதே பங்கு வாங்கிப் போட்டால் பணம் பெருகும்!" இப்பேச்சு மெய்யானால் என்ன நடக்கும்? இங்கிலாந்தில் நடந்த ஒன்றைப் பாருங்கள்.

வடக்கு யார்க்‌ஷயரில், விட்பி என்னும் கடற்கரை ஊருக்கு அருகே, நிலத்துக்கடியில் ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் பாலிஹாலைட் என்னும் உரத்தாது பெருமளவில் இருக்கிறது. அதை வெட்டியெடுக்கப் புறப்பட்டது சிரியஸ் மினரல்ஸ் என்னும் கம்பெனி. ஏறத்தாழ 85,000 சிறு முதலீட்டாளர்கள் அதில் பணம் போட்டனர். அவர்களில் அப்பகுதி மக்களும் பலர். தம் ஊருக்கு வேலை வரும், தம் சேமிப்பும் வளரும் என்று நம்பினர். 2018இல் பங்கின் விலை 30 பென்ஸைத் தாண்டி நின்றது.

சுரங்கம் வெட்டி முடியும் வரை வருமானம் இல்லை, செலவோ மலையளவு. 50 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் விற்றால்தான் ஜே.பி. மார்கன் வங்கியின் 250 கோடி டாலர் கடன் வசதி கிடைக்கும் என்ற நிலை. 2019 செப்டம்பரில் அப்பத்திர விற்பனை கைவிடப்பட்டது. அன்றே பங்கின் விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது.

அதன்பின் பலருக்கும் எஞ்சியிருந்தது ஒரே நம்பிக்கை: "தாது எங்கும் போய்விடாது, யாரேனும் வாங்குவார்கள்." அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. 2020 ஜனவரியில் ஆங்கிலோ அமெரிக்கன் என்னும் மாபெரும் சுரங்க நிறுவனம் வந்தது. அது கொடுக்க முன்வந்த விலை பங்குக்கு 5.5 பென்ஸ்! மொத்தம் சுமார் 40 கோடி பவுண்டு.

20 பென்ஸ் விலையில் 10,000 பவுண்டுக்கு வாங்கியவர் திரும்பப் பெற்றது 2,750 பவுண்டு மட்டுமே. குமுறல் எழுந்தது. ஆனால் மறுத்தால் கம்பெனி சில வாரங்களில் திவாலாகக்கூடும் என்று நிர்வாகமே எச்சரித்தது. 2020 மார்ச் 3ஆம் நாள், வாக்களிக்கப்பட்ட பங்குகளின் மதிப்பில் 80 விழுக்காட்டுக்கும் மேல் விற்பனைக்கு ஆதரவாக விழுந்தது.

"பேச்சு அடிபடும் முன்னர், விலை 4 பென்ஸாக இருந்தபோது வாங்கியவர் லாபம் கண்டாரே?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் வாங்க வந்தவர் மனம் மாறித் திரும்பியிருந்தால் அவர் கையிலும் வெறுங்காகிதமே மிஞ்சியிருக்கும். சந்தையில் ஒருவர் வென்ற கதை ஊரெங்கும் பரவும். தோற்றவர் வாய் திறப்பதில்லை.

இங்கு நாம் உணர வேண்டியது ஒன்றே. கடனில் மூழ்கிய கம்பெனி விலைபோகும்போது, நீங்கள் எவ்விலைக்கு வாங்கினீர்கள் என்பதை எவரும் பார்ப்பதில்லை. விற்பவருக்கு நாள் நெருங்கிவிட்டது, வாங்குபவருக்கு அவசரமில்லை. அவசரத்தில் விற்கும் வீடு என்ன விலைக்குப் போகும் என்பது நமக்குத் தெரியாததா?

வாங்கிய பெருநிறுவனத்துக்கும் அச்சுரங்கம் எளிதாக அமையவில்லை. 2024இல் செலவைச் சுருக்கிப் பணியை மெதுவாக்கப் போவதாக அது அறிவித்தது. மண்ணுக்குள் இருக்கும் செல்வம் வேறு. கைக்கு வரும் செல்வம் வேறு.

ஆகவே, இத்தகைய பேச்சு உங்கள் காதுக்கு வரும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கடன் எவ்வளவு? அதை எப்போது திருப்பிக் கட்ட வேண்டும்? கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும்? இப்பேச்சைப் பரப்புபவர் தம் பங்கை விற்கக் காத்திருப்பவரா? இவற்றுக்குத் தெளிவான விடை இல்லையெனில் அது முதலீடு அன்று, சூதாட்டத்தின் வாசற்படி.

மகளின் திருமணத்துக்கும், ஹஜ்ஜுக்கும், முதுமைக்கும் என்று சேர்த்த பணத்தை ஊர்ப்பேச்சை நம்பி ஒப்படைக்காதீர்கள். கடனுக்குப் பின்பே பங்கு என்பதை நம் மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. அந்தப் பாடத்தைப் பங்குச் சந்தையின் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழையலாமா? சிந்தியுங்கள்!