"கெட்ட பேப்பர் இருக்கா சார்?"

ஜூலை கடைசி வாரம். சென்னையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகம். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யக் கூட்டம் நெரிகிறது. மூலையில் பதினைந்து வருடத்துக்கு மேலாக உழைத்துக்கொண்டிருக்கும் எச்பி லேசர்ஜெட் 1020. அதிலிருந்து வரும் தாளில் இடது ஓரம், இரண்டு விரல் அகலத்துக்கு, எழுத்து ஒட்டவே இல்லை. கைபட்டால் கரியாக உதிர்கிறது. டோனர் போடுகிற பையன் இரண்டு முறை வந்து கார்ட்ரிட்ஜை மாற்றிப் பார்த்துவிட்டான். கோளாறு அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்கு, பிரிண்ட் கொடுக்கும்போதெல்லாம் மேஜைக்கடியில் யுபிஎஸ் வேறு கீச் கீச் என்று கத்துகிறது.

மூன்றாவதாக, யாரோ கொடுத்த எண்ணில் ஒரு மெக்கானிக் கிடைத்தார். அவர் விசிட்டிங் சார்ஜில் பேச்சைத் தொடங்கவில்லை. "கெட்ட பேப்பர் இருக்கா சார்? கசக்கிப் போட்டுடாதீங்க, வந்து பார்க்கறேன்" என்றார்.

பழைய பிரிண்டருக்கு விவரம் தெரிந்த ஆளா என்று கண்டுபிடிக்க, போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட இந்த ஒரு கேள்வி அதிகம் உதவும்.

கம்பெனி சர்வீஸுக்கே போனால் என்ன? வாரண்டி இருக்கும் வரை அதுதான் சரி. ஆனால் 1020 சந்தைக்கு வந்தது 2005-இல். இந்த வயது இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனால், ஸ்பேர் வருவதில்லை, எக்ஸ்சேஞ்சில் புதிது எடுத்துக்கொள்ளுங்கள் என்ற பதிலைக் கேட்டுத் திரும்புவது பலருக்கும் பழகிப்போன விஷயம். எந்தக் கம்பெனி என்பதே சில சமயம் குழப்பம். பழைய சாம்சங் லேசர் பிரிண்டர் வைத்திருப்பவர் இன்று யாரிடம் போவது? சாம்சங்கின் பிரிண்டர் தொழிலை 2017 நவம்பரில் எச்பி வாங்கிவிட்டது. அந்த எச்பியின் பெட்டிக்குள்ளே இருப்பதோ பெரும்பாலும் கேனானின் இயந்திரம். 1984-இல் முதல் லேசர்ஜெட் 3,495 டாலர் விலையில், நிமிடத்துக்கு 8 பக்கம் அச்சடித்துக்கொண்டு வெளிவந்தபோதே அதன் உள்ளே இருந்தது கேனான் செய்த எஞ்சின்தான்.

ஆவண எழுத்தர் அறையிலும் ஜெராக்ஸ் கடையிலும் இன்றும் தென்படும் 1020, கேனான் எல்பிபி 2900 இரண்டும் அந்த வகையில் பங்காளிகள். ஒன்றின் 12ஏ கார்ட்ரிட்ஜும் மற்றதன் 303 கார்ட்ரிட்ஜும் ஏறக்குறைய ஒரே வார்ப்பு. "நான் கேனான் மட்டும்தான் பார்ப்பேன், எச்பி தெரியாது" என்று ஒருவர் சொன்னால், அவர் பெட்டியின் மூடியைத் தாண்டி உள்ளே போனதில்லை என்று சந்தேகப்படலாம்.

இனி அந்தக் கெட்ட தாள். லேசர் பிரிண்டரில் ஒரு தாள் பல உருளைகளைத் தாண்டி வெளியே வருகிறது. ஒவ்வொரு உருளையும் தன் நோயை அதன்மேல் எழுதி அனுப்பும். ஒரே கறுப்புப் புள்ளி மேலிருந்து கீழே சம இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுந்தால், நல்ல மெக்கானிக் ஸ்கேலை எடுப்பார். இடைவெளி சுமார் 75 மில்லிமீட்டர் என்றால் 12ஏ கார்ட்ரிட்ஜின் டிரம்தான் குற்றவாளி. 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த உருளை ஒரு சுற்றுச் சுற்றினால் வரும் நீளம் அது. வேறு அளவு வந்தால் வேறு உருளை. தாள் முழுக்கக் கறுப்பாக வந்தால் டிரம்முக்கு மின்னேற்றம் கிடைக்கவில்லை. இரண்டு மூன்று தாள் சேர்ந்து உள்ளே போனால் செபரேஷன் பேடு தேய்ந்திருக்கிறது; தாளையே இழுக்காவிட்டால் பிக்கப் ரோலரின் ரப்பர் வழவழப்பாகிவிட்டது. அந்த ரப்பரை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுப்பவர்களும் உண்டு. இரண்டு வாரம் ஓடும், பிறகு பழைய கதை.

எழுத்து முழுசாக விழுந்து, ஆனால் ஒட்டாமல் உதிர்ந்தால்? படம் வந்துவிட்டது என்றால் கார்ட்ரிட்ஜ் தன் வேலையைச் செய்துவிட்டது. தூளை உருக்கித் தாளோடு ஒட்டவைப்பது ஃபியூசர், சுமார் 200 டிகிரி சூட்டில். தணிக்கையாளர் வாங்கிய இரண்டு கார்ட்ரிட்ஜும் தண்டச் செலவு.

டோனர் போடுகிறவரும் மெக்கானிக்கும் ஒரே ஆள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு தொழில். தூள் நிரப்பி, டிரம்மும் பிளேடும் மாற்றித் தருவதும் கைத்திறன் வேண்டிய வேலைதான். ஆனால் அவர் கையில் இருக்கும் மருந்து ஒன்றே ஒன்று, எந்த நோய்க்கும் அதையே கொடுப்பார். மெக்கானிக்குக் குழப்பம் வந்தால் அவர் செய்யும் சோதனை வேறு. பிரிண்ட் கொடுத்து, தாள் பாதி வழியில் இருக்கும்போதே இயந்திரத்தை நிறுத்திக் கதவைத் திறப்பார். டிரம்மில் எழுத்து சரியாக இருக்கிறதா, தாளில் இறங்கியிருக்கிறதா, ஃபியூசருக்குள் போகும்வரை நன்றாகத்தான் இருந்ததா என்று பார்ப்பார். ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமலே பாதிப் பழுது பிடிபட்டுவிடும். இந்தச் சோதனையைக் கேள்விப்பட்டதே இல்லை என்பவரிடம் போர்டு போயிடுச்சு என்ற தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு பணத்தை எடுக்க வேண்டியதில்லை.

பழுதே இல்லாத பழுதும் உண்டு. எண்பதுகளின் லேசர்ஜெட்டுகளில் 'பிசி லோட் லெட்டர்' என்றொரு வாசகம் திரையில் வந்து உலகத்தையே படுத்தியது. 1999-இல் வந்த 'ஆஃபீஸ் ஸ்பேஸ்' என்ற ஹாலிவுட் படம் அதை வைத்தே சிரிக்கவைத்தது. அந்தப் படத்தில் பிரிண்டரை வயலுக்குத் தூக்கிப்போய் அடித்து நொறுக்குவார்கள். வாசகத்தின் பொருள் ஒன்றும் பிரமாதமில்லை: பேப்பர் காசெட்டில் லெட்டர் அளவுத் தாளை வை, அவ்வளவுதான். நம் ஊரில் எல்லாரும் வைப்பது ஏ4. மென்பொருள் அமெரிக்க வழக்கப்படி லெட்டர் கேட்டுக்கொண்டிருக்கும், பிரிண்டர் விளக்கைச் சிமிட்டியபடி காத்திருக்கும், அலுவலகம் மெக்கானிக்கைத் தேடும். இதைப் போனிலேயே சரிசெய்து முடித்துவிட்டு, வர வேண்டியதில்லை என்று சொல்கிற மெக்கானிக்கின் எண்ணைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

சென்னைக்காரர்கள் இந்த ஆட்களைத் தேடிப் போகும் இடம் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் அதன் கிளைச் சந்துகளும். அங்கே கவனிக்க வேண்டியது ஸ்பேர் எங்கிருந்து வருகிறது என்பது. உற்பத்தி நின்றுபோன மாடலுக்கு வழிகள் கொஞ்சம்தான்: வெளிக் கம்பெனி செய்யும் கம்பேட்டிபிள் பாகம், அல்லது செத்துப்போன இன்னொரு பிரிண்டரிலிருந்து கழற்றியது. இரண்டுமே தவறில்லை. எது என்று வாய்விட்டுச் சொல்லி அதற்கேற்ற விலை வாங்குகிறாரா என்பதுதான் கேள்வி. கடைக்குப் பின்னால் பிணங்கள் போல அடுக்கிய பழைய பெட்டிகளைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்; அதுதான் அவருடைய மருந்துக் கிடங்கு. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் பிரிண்டரையும் கார்ட்ரிட்ஜையும் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. நல்ல காரியம்தான். ஆனால் முறையாக நொறுக்கப்படும் ஒவ்வொரு 1020-உடனும் இன்னொரு 1020-க்கு ஆக வேண்டிய கியரும் போய்விடுகிறது.

டாட் மேட்ரிக்ஸ் மெக்கானிக்குகள் தனிச் சாதி. கார்பன் வைத்த பில் ஒரே அடியில் மூன்று பிரதி விழ வேண்டுமென்றால் ஊசி வந்து குத்தியாக வேண்டும். லேசரால் அது ஆகாது. அதனால்தான் மருந்து மொத்த வியாபாரியிடமும் லாரி புக்கிங் ஆபீஸிலும் டிவிஎஸ் எம்எஸ்பி வகைகள் இன்னும் கரகரக்கின்றன. எழுத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடினால், ஒன்பது ஊசியில் ஒன்று உடைந்திருக்கிறது என்று பொருள். ஹெட்டையே மாற்றச் சொல்பவர் ஒரு வகை. லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு அந்த ஒற்றை ஊசியை மட்டும் மாற்றித் தருபவர் இன்னொரு வகை. இவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

பெரிய ஜெராக்ஸ் கம் பிரிண்டர் வைத்திருப்போர், நம்பகம் என்ற சொல்லை இன்னொரு அர்த்தத்திலும் யோசிக்க வேண்டும். அவற்றில் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் உண்டு, நகலெடுத்த தாள்களின் படம் அதில் தங்கும். 2010-இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி பழைய நகல் இயந்திரங்களை வாங்கிப் பிரித்தபோது, ஒன்றில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் நோயாளிக் குறிப்புகள் இருந்தன. 2013-இல் அந்த நிறுவனம் அரசுக்குக் கட்டிய தொகை 12,15,780 டாலர். இயந்திரம் வாசலைத் தாண்டும் முன் அந்த டிஸ்கைக் கழற்றித் தரச் சொன்னால், முணுமுணுக்காமல் கழற்றித் தருபவர் வேண்டும்.

தணிக்கையாளர் அலுவலகத்துக்கு வந்தவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், விரலால் ஒரு முறை தேய்த்தார், ஃபியூசரைக் கழற்றினார். சிகரெட் அட்டையைவிட மெல்லிய ஃபிலிம், இடது பக்கம் கிழிந்திருந்தது. புதிதைப் போட்டு, அதற்கென்றே வரும் சூடு தாங்கும் கிரீஸைத் தடவி, கிழிந்ததை மேஜைமேல் வைத்தார். அடுத்த தாளில் எழுத்து உதிரவில்லை. யுபிஎஸ் மட்டும் வழக்கம்போலக் கத்தியது.

"அதுக்கு வேற ஆளு நாளைக்கு வர்றாருண்ணே, பேட்டரி மாத்தணுமாம்" என்றான் அலுவலகப் பையன்.

மெக்கானிக் மேஜைக்கடியில் குனிந்தார். ஃபியூசர் சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சின்ன யுபிஎஸ் தாங்காது. பிரிண்டரின் பிளக்கை அதிலிருந்து உருவிச் சுவர் பாயிண்டில் செருகினார். இன்னொரு தாள் வந்தது. சத்தம் இல்லை. "அவரை வர வேணாம்னு சொல்லிடுங்க" என்று பையை மூடினார்.