அரை மணி நேரம் எங்கே போனது?

1981 டிசம்பர் 31. இரவு மணி 11.30. தீபகற்ப மலேசியாவில் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அடுத்த நொடியே மணி 12, 1982 பிறந்துவிட்டது. அந்த ஆண்டின் கடைசி அரை மணி நேரம் நம் ஊரில் நடக்கவே இல்லை. வீட்டில் அறுபது வயதை நெருங்கும் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். "ஆமா, அப்ப மணிய மாத்துனாங்க" என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் நினைவிருக்காது. ஓர் அரை மணி நேரம் காணாமல் போனதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

காரணம் எளிமையானது. சபாவும் சரவாக்கும் கிரீன்விச் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னால் இருந்தன. நாம் ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தோம். ஒரே நாட்டுக்கு எதற்கு இரண்டு நேரம் என்று, அந்த ஆண்டு ஜூலையில் பிரதமரான டாக்டர் மகாதீரின் அரசு முடிவெடுத்தது. சிங்கப்பூரும் அதே இரவில் கூடவே மாற்றிக்கொண்டது. இது முதல் தடவையும் அல்ல. ஜப்பான்காரன் காலத்தில் தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் இங்கும் மணி. 1945இல் அவர்கள் போனதும் கடிகாரமும் பழைய இடத்துக்குத் திரும்பியது.

சூரியனுக்கு மட்டும் இந்த உத்தரவுகள் எதுவும் போய்ச் சேரவில்லை. நாம் இன்று பார்க்கும் மணி, 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. அந்தக் கோடு பிலிப்பைன்ஸின் லூசோன் தீவின் மேற்கு ஓரமாகப் போகிறது. செபராங் ஜெயா இருப்பதோ ஏறக்குறைய 100.4 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டால் 78 நிமிட வித்தியாசம். அதனால்தான் இங்கே சூரியன் உச்சிக்கு வர ஒரு மணியைத் தாண்டி 1.20 போல ஆகிவிடுகிறது. அதனால்தான் காலைப் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகள், விடியுமுன்பே புத்தகப் பையோடு வாசலில் நிற்கிறார்கள். (ராகு காலம் பார்க்கும் வீடுகளுக்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு. திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை என்பது, காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் கணக்கு. இங்கே 7.15 போலத்தான் உதிக்கிறது என்றால், அதே ராகு காலம் 8.45க்கு அல்லவா தொடங்க வேண்டும்? கிறிஸ்துவ வீட்டுக் கல்யாணத்திலும் இதை ரகசியமாகப் பார்க்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். வெளியில் சொல்லமாட்டார்கள்.)

ஆக, மணி என்பது பெரும்பாலும் மனிதர் கூடி எடுத்த முடிவு. அப்படியானால் காலம் யாருடையது? இந்தக் கேள்வியோடு பைபிளைத் திறந்தால், முதல் பக்கத்திலேயே ஒரு வேடிக்கை. ஆதியாகமத்தில் வெளிச்சம் முதல் நாளே வந்துவிடுகிறது. சூரியனும் சந்திரனும் நான்காம் நாள்தான் வருகின்றன. அவற்றுக்குக் கொடுக்கப்படும் வேலை நாட்களையும் வருடங்களையும் குறித்துக் காட்டுவது. பக்கத்து நாடுகளெல்லாம் சூரியனைக் கும்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் அதைக் கடவுள் வீட்டுச் சுவரில் மாட்டிய ஒரு கடிகாரமாக ஆக்கிவிட்டார்கள்.

அதே அத்தியாயத்தில், ஒவ்வொரு நாளும் மாலையில் தொடங்கிக் காலைக்குப் போகிறது. யூதர்களின் நாள் இன்றைக்கும் அப்படித்தான்: ஓய்வு நாளான சனிக்கிழமை, வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போதே பிறந்துவிடுகிறது. நம் மலாய்க்கார அண்டை வீட்டாருக்கு இதை விளக்கவே வேண்டாம். அவர்கள் 'மாலாம் ஜுமாஆட்' என்று சொல்வது நமக்கு வியாழக்கிழமை இரவு. கத்தோலிக்கக் கோயில்களில் சனிக்கிழமை மாலைப் பூசையை ஞாயிறு பூசையாக ஏற்றுக்கொள்வதும், ஈஸ்டர் திருவிழிப்பு சனிக்கிழமை இரவில் நடப்பதும் இந்தப் பழைய கணக்கின் மிச்சம்தான்.

வெறும் காலண்டர் விஷயம் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நாம் அலாரம் அடித்ததும் நாளைத் தொடங்குகிறோம். நாள் முழுக்க உழைத்து, மிச்சம் மீதி இருந்தால் ஓய்வு. அந்தக் கணக்கிலோ நாள் தொடங்கியதும் முதலில் சாப்பாடு, பிறகு தூக்கம். விழித்து எழும்போது பாதி நாள் நம் உதவி இல்லாமலேயே நடந்து முடிந்திருக்கிறது. பிறை தொழிற்பேட்டையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து வருகிறவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். 'தூங்குகிற நேரத்துக்கு யார் சம்பளம் தருவா?' என்பார். அவர் சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. காலத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் தவறாமல் சொல்லும் இரண்டு கிரேக்கச் சொற்கள் உண்டு. 'குரோனோஸ்' என்றால் கடிகாரம் ஓடும் காலம், 'கைரோஸ்' என்றால் ஏற்ற வேளை என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால், பைபிளில் இந்தச் சொற்கள் அவ்வளவு கறாராகப் பிரிந்து நிற்கவில்லை என்று ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் பார் 1962இலேயே ஒரு புத்தகம் எழுதி எச்சரித்திருக்கிறார். கிரேக்கத்துக்குப் போகாமலே நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது. 'மணி ஆயிடுச்சு' என்பதும் 'வேளை வந்திடுச்சு' என்பதும் ஒன்றா? முதலாவதைச் சொல்லக் கடிகாரம் போதும். இரண்டாவதைச் சொல்ல, ஒரு வாழ்க்கையைக் கூட இருந்து பார்த்திருக்க வேண்டும். கானா ஊர்க் கல்யாணத்தில் திராட்சரசம் தீர்ந்துபோய் மரியாள் வந்து நின்றபோது, இயேசு சொன்ன பதிலில் தமிழ் வேதாகமம் போட்டிருப்பதும் 'வேளை'தான்.

காலம் என்றால் என்ன என்று நேருக்கு நேர் கேட்டுப் பார்த்த கிறிஸ்துவர் அகுஸ்தீன். வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில், ஆயராக இருந்தவர். கி.பி. 400ஐ ஒட்டி எழுதிய தம் 'அறிக்கை'களின் பதினோராம் புத்தகத்தில், மனப்பாடமான ஒரு பாட்டைப் பாடும் மனிதனை உதாரணம் காட்டுகிறார். பாடி முடித்த வரிகள் நினைவுக்குப் போய்விட்டன. பாடவேண்டிய வரிகள் எதிர்பார்ப்பில் இருக்கின்றன. கையில் இருப்பது வாயில் இருக்கும் அசை மட்டும். ஒலிவாங்கி முன் உட்காரும் எவருக்கும் இது புத்தகம் படிக்காமலே தெரியும். நிகழ்ச்சியின் ஒவ்வொரு விநாடியையும் எண்ணி வைத்திருப்போம். ஆனால், ஒரு விநாடியைக் கூடப் பிடித்து வைக்க முடிந்ததில்லை.

சரி, சம்பளத்துக்கு வருவோம். பத்துக் கட்டளைகளில் ஓய்வு நாள் கட்டளை இரண்டு இடங்களில் வருகிறது. யாத்திராகமம் சொல்லும் காரணம் படைப்பு: கடவுளே ஏழாம் நாள் ஓய்ந்தார். உபாகமம் சொல்லும் காரணம் வேறு: நீங்கள் எகிப்தில் அடிமைகளாக இருந்தீர்கள், அதை மறக்காதீர்கள். ஆகவே உன் வேலைக்காரனுக்கும் ஓய்வு, உன் ஊரில் இருக்கும் வெளியூர்க்காரனுக்கும் ஓய்வு, மாட்டுக்கும் கழுதைக்கும் கூட ஓய்வு. இரண்டாவது காரணம்தான் எனக்கு நெருக்கமாகப் படுகிறது. நாம் நடந்துபோகும் இந்த மண், பழைய வெல்லஸ்லி மாகாணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கொண்டுவரப்பட்டார்கள். மலாயாவில் அந்த முறை 1910இல்தான் ஒழிந்தது. விடியுமுன் வரிசையில் நின்று பெயர் கொடுத்த அந்தப் பாட்டன்மாருக்கு நேரம் சொந்தமாக இருந்ததே இல்லை. நேரம் தோட்டத்துரையுடையது.

இன்று சட்டம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு. ஷிஃப்ட் வேலை என்றால் தொடர்ச்சியாக முப்பது மணி நேரம் கிடைத்தால் அதுவே ஓய்வு நாள். 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. அதைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். இங்கேதான் அந்த ஷிஃப்ட்காரரின் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. வீட்டுக் கடனும் கார் கடனும் உள்ளவருக்கு ஓவர்டைம் ஆசை அல்ல, கணக்கு. அவரிடம் போய் 'ஓய்வெடுங்கள், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று சொல்வது சுலபம். ஆனால், உபாகமத்தின் கட்டளை களைத்தவனைக் கண்டிக்கவில்லை. அது யார் கையில் வேலையாட்கள் இருக்கிறார்களோ, அவரைப் பார்த்துப் பேசுகிறது. பிறையின் விடுதிகளில் தங்கி வேலை செய்யும் நேப்பாளிக்கும் வங்காளதேசிக்கும் ஒரு நாளைச் சும்மா விடு என்கிறது. கோயில் பிரசங்கங்களில் இந்தப் பாதியை நான் அதிகம் கேட்டதில்லை.

'இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்தால்' என்று நாம் எல்லோரும் கேட்கிறோம். பைபிளில் அப்படிக் கேட்டு வாங்கியவர் எசேக்கியா ராஜா. சாகக் கிடந்தவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். செய்தி சொல்லிவிட்டுப் போன ஏசாயா தீர்க்கதரிசி பாதி வழியில் திரும்பி வந்தார்: பதினைந்து வருடம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. அத்திப்பழ அடையை வைத்துக் கட்டினார்கள், கட்டி ஆறியது. அடையாளமாக, ஆகாஸ் கட்டிய படிகளில் நிழல் பத்துப் படி பின்னால் போனது. நம் அரசு முன்னால் தள்ளியது கடிகாரத்தை. அங்கே பின்னால் போனது நிழலே.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக இங்கே நிறுத்திவிடுவார்கள். தொடர்ந்து படித்தால்தான் சங்கடம். கூடுதலாகக் கிடைத்த காலத்தில் ராஜா செய்ததாக வருவது என்ன? பாபிலோனிலிருந்து வந்த தூதர்களுக்குப் பொக்கிஷ சாலை முழுவதையும் திறந்து காட்டியது. 'இதெல்லாம் ஒருநாள் அந்த நாட்டுக்கே போகும், உன் சந்ததியாரும் போவார்கள்' என்று ஏசாயா சொன்னபோது, என் நாளில் சமாதானம் இருந்தால் சரி என்பதுதான் அவர் நினைப்பு. அடுத்த அத்தியாயத்தில் மகன் மனாசே பன்னிரண்டு வயதில் பட்டத்துக்கு வருகிறான். கழித்துப் பாருங்கள்: அந்தப் பதினைந்து வருடத்துக்குள் பிறந்த பிள்ளை. ஐம்பத்தைந்து வருடம் ஆண்டு, எருசலேமை இரத்தத்தால் நிரப்பியவன் என்று பெயர் வாங்கினான். ஆகவே கூடுதல் நேரம் கேட்காதே என்று முடித்துவிடலாமா? அதுவும் முடியவில்லை. மத்தேயு எழுதிய இயேசுவின் வம்ச வரலாற்றில் எசேக்கியாவுக்கு அடுத்த பெயர் மனாசே. அந்தப் பிள்ளை பிறக்காவிட்டால் அந்த வரிசையே இல்லை. இந்தக் கதையை வைத்து யாராவது நேர மேலாண்மை வகுப்பு எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மணிக்கணக்கைப் பற்றி இயேசுவே சொன்ன கதை ஒன்று, மத்தேயு இருபதாம் அதிகாரத்தில். அந்தக் காலத்தில் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை பன்னிரண்டு மணி. திராட்சத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் சந்தைக்குப் போய், ஒரு நாள் கூலி பேசி ஆள் எடுக்கிறார். மறுபடி மூன்றாம் மணிக்கு, ஆறாம் மணிக்கு, ஒன்பதாம் மணிக்கு. கடைசியாகப் பதினோராம் மணிக்கும் போகிறார். நம் ஊர்ச் சூரியனை வைத்துச் சொன்னால் 7.15க்கு, 10.15க்கு, 1.15க்கு, 4.15க்கு, பிறகு மாலை 6.15க்கு. ஏழரைக்குள் இருட்டிவிடும். அந்த நேரத்திலும் சிலர் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஏன் நாள் முழுக்கச் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், யாரும் எங்களைக் கூப்பிடவில்லை என்கிறார்கள்.

இந்தப் பதிலைத் தாண்டி என்னால் வேகமாகப் போக முடிவதில்லை. அவர்கள் தூங்கிவிட்டு வந்தவர்கள் அல்ல. உச்சி வெயிலிலும் அதே இடத்தில் நின்றவர்கள். ஆலை மூடியதால் ஐம்பது வயதில் வேலை இழந்து, விண்ணப்பம் மேல் விண்ணப்பம் அனுப்புகிறவருக்கு இந்த நிற்றல் தெரியும். பிள்ளைகளை வளர்த்துவிட்டுப் பத்து வருடம் கழித்து நேர்முகத் தேர்வுக்குப் போகும் பெண்ணுக்கும் தெரியும். காத்திருந்த நேரத்துக்கு எந்த முதலாளியின் பஞ்ச் கார்டிலும் இடம் இல்லை.

பொழுது சாய்கிறது. கூலியை அன்று அஸ்தமனத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டம். ஏழை அதை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறான். கணக்குப்பிள்ளை கடைசியில் வந்தவர்களிடமிருந்து தொடங்குகிறார். அவர்களுக்கு முழு நாள் கூலி. காலை முதல் உழைத்தவர்கள் அதைப் பார்த்து மனதுக்குள் பெருக்கல் போட்டிருப்பார்கள். அவர்களுக்கும் அதே கூலிதான். வெயிலில் வாடியது நாங்கள், இவர்கள் ஒரு மணி நேரம்தானே என்று முணுமுணுக்கிறார்கள். தொழிற்சங்கத்தில் இருந்த என் மாமா ஒருவர், "இந்த முதலாளிகிட்ட மறுநாள் காலையில எவன் வேலைக்கு வருவான்?" என்று கேட்பார். நல்ல கேள்விதான். பேசிய கூலியைக் குறைக்கவில்லையே, நான் தாராளமாக இருப்பது உனக்குப் பொறுக்கவில்லையா என்கிறார் தோட்டக்காரர். ஒரு குடும்பம் ஒரு நாள் சாப்பிட என்ன வேண்டுமோ, அதை அவர் கொடுத்தார். மணி பார்த்துக் கொடுக்கவில்லை.

மத்தேயு அத்தோடு விட்டுவிடுகிறார். முணுமுணுத்தவர்கள் காசை எடுத்துக்கொண்டு என்ன பேசியபடி வீட்டுக்குப் போனார்கள் என்று எழுதவில்லை. கடைசியாக வந்தவர்கள் மறுநாள் சந்தைக்கு எத்தனை மணிக்கு வந்து நின்றார்கள் என்றும் எழுதவில்லை.