புகைக்கு எந்த இலாகா?

அடுப்புப் புகை கண்ணைக் கரிக்கிறது, தொண்டையைக் கமறுகிறது. யாரிடம் போய் முறையிடுவது? கண் டாக்டரிடம் போனால் சொட்டு மருந்து எழுதிக் கொடுப்பார். கொத்தனாரைக் கூப்பிட்டால், "புகைபோக்கி வைத்துவிடலாம், அம்மா" என்று சுவரை இடிக்கத் தயாராகிவிடுவார். வீட்டுக்காரரிடம் சொன்னால், "முதல் தேதிக்கு மேல் பார்க்கலாம்" என்பார். மாமியாரிடம் சொன்னாலோ, "நாங்களெல்லாம் இந்தப் புகையில்தானே ஏழு பிள்ளை பெற்றோம்!" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். நாலு பேர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நாலையும் சேர்த்துப் பார்த்துப் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

சகோதரிகளே, நம் வீட்டில் மட்டும்தான் இந்தக் கதி என்று எண்ண வேண்டாம். பெரிய பெரிய சர்வகலாசாலைகளிலும் இதே கதைதான். புகையை அளக்கத் தெரிந்தவர் ஒரு கட்டடத்தில் இருப்பார். நுரையீரலைப் பரிசோதிக்கிறவர் இன்னொரு கட்டடத்தில். காஸ் வாங்கக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகுமா என்று கணக்குப் பார்க்கிற பொருளாதாரக்காரர் மூன்றாவது கட்டடத்தில். மூவரும் காபி சாப்பிடும் இடத்தில் சந்தித்துக் கொள்ளலாம். சேர்ந்து ஆராய்ச்சி செய்வது என்றால் பணம் வேண்டும். பணம் கொடுக்கிறவர்களோ இலாகா இலாகாவாகப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வைத்திய ஆராய்ச்சிக்கு மானியம் கொடுக்கும் குழுவில் வைத்தியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். "அடுப்பா? அது இஞ்சினீயர் சமாசாரம்" என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்கள். இஞ்சினீயர் குழுவிடம் போனால், "குழந்தையின் எடையா? அது ஆஸ்பத்திரி சமாசாரம்" என்பார்கள். விண்ணப்பம் பந்துபோல் இங்கும் அங்கும் உருண்டுகொண்டே இருக்கும்.

இந்தப் பந்தாட்டத்தை நிறுத்த அமெரிக்காவில் ஒரு சட்டமே செய்தார்கள். தொழிற்சாலைக் கழிவு புதைந்து நஞ்சாகிப் போன நிலங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு 1986ல் அரசாங்கம் பணம் ஒதுக்கியபோது, ஒரே மானியத்துக்குள் உடலைப் பற்றிய ஆராய்ச்சியும் இருக்க வேண்டும், மண், நீர், இஞ்சினீயரிங் ஆராய்ச்சியும் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு ஆயிற்று. தனியாக வந்தால் காசு கிடையாது. ஜோடியாக வா என்று அர்த்தம்! வங்காள தேசத்தில் குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் பாஷாணம் கலந்திருந்ததே, அதை 2000ம் ஆண்டிலிருந்து அரைஹஜார் என்ற பகுதியில் கொலம்பியா சர்வகலாசாலைக்காரர்கள் ஆராய்ந்தது இத்தகைய மானியத்தில்தான். பூமி சாஸ்திரக்காரர் கிணற்றின் ஆழத்தை அளந்தார். டாக்டர், அந்தக் கிணற்றில் குடித்த பன்னிரண்டாயிரம் பேரின் உடம்பைக் கவனித்தார். ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர் பார்த்தது பாதிக் கதையாகப் போயிருக்கும்.

நம் அடுப்பின் கதைக்கு வருவோம். அது 1981ல் குஜராத்துக் கிராமங்களில் தொடங்குகிறது. கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்கர் அங்கே வந்தார். அவர் வைத்தியர் அல்ல, பௌதிகம் படித்தவர். சமைத்துக்கொண்டிருந்த பெண்களின் உடையிலேயே ஒரு சிறு கருவியைப் பொருத்தி, அவர்கள் எவ்வளவு புகையைச் சுவாசிக்கிறார்கள் என்று அவரும் இந்தியச் சகாக்களும் அளந்தார்கள். அதற்குமுன் காற்று அசுத்தம் என்றால் ஆலைப் புகையும் மோட்டார்ப் புகையும்தான் என்று உலகம் நினைத்திருந்தது. கரி பிடித்த சமையலறைக்குள் ஒரு கருவியோடு நுழைய வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? (நம் பாட்டிமார்களைக் கேட்டிருந்தால் கருவி இல்லாமலே சொல்லியிருப்பார்கள். ஆனால் பாட்டி சொல்லுக்கு மானியம் கிடைக்காதே!)

புகை அதிகம் என்று அளந்தாயிற்று. புகையைக் குறைத்தால் குழந்தைக்கு நோய் குறையுமா? இதைச் சொல்ல வேண்டுமானால் சில வீடுகளுக்கு நல்ல அடுப்புக் கொடுத்து, சில வீடுகளைப் பழைய அடுப்போடு விட்டு, இரண்டையும் ஒப்பிட வேண்டும். மத்திய அமெரிக்காவில் குவாதமாலா தேசத்து மலைக் கிராமங்களில் இதற்கான முன்னோட்டங்களிலேயே பல வருஷங்கள் போயின. முழுப் பரிசோதனை 2002ல்தான் தொடங்கியது. 534 வீடுகள்; பாதிப் பேருக்குப் புகைபோக்கி வைத்த விறகடுப்பு. முடிவுகள் 2011ல் வெளிவந்தன. சாதாரண நிமோனியா குறைந்த அளவு நிச்சயமாகச் சொல்லும்படி இல்லை. கடுமையான நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 1981லிருந்து 2011 வரை முப்பது வருஷம்! 1981ல் அடுப்படியில் தவழ்ந்த பெண் குழந்தை, முடிவு வருவதற்குள் தானே பிள்ளை பெற்றுச் சமைத்துக்கொண்டிருப்பாள்.

விறகைத் துறந்து காஸுக்கே மாறிவிட்டால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. இந்தக் கட்டத்தில்தான் நம் நாகப்பட்டினமும் விழுப்புரமும் கதைக்குள் வருகின்றன.

அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிலையங்களும் கேட்ஸ் அறக்கட்டளையும் சேர்ந்து 3 கோடியே 5 லட்சம் டாலர் கொடுத்தன. நம் பணத்தில் இருநூறு கோடி ரூபாய்க்கு மேல். நான்கு தேசங்கள்: குவாதமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா. ஒவ்வொன்றிலும் எண்ணூறு கர்ப்பிணிகள். ஆக 3200 பேர். இந்தியப் பங்கைச் சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா சர்வகலாசாலையில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் ஏற்றார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் பாதிப் பேரைத் தேர்ந்தெடுத்து, காஸ் அடுப்பும் பதினெட்டு மாதத்துக்கு இலவச எரிவாயுவும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மற்றப் பாதிப் பேர் வழக்கம்போல் விறகில் சமைத்தார்கள். 2018 மே மாதம் முதல் 2020 பிப்ரவரி வரை பெண்களைச் சேர்த்தார்கள். மறு மாதமே கொரோனா வந்து ஊரை முடக்கியது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் சிலிண்டரும் தராசும் கருவியும் வீடு வீடாகப் போய்ச் சேர வேண்டும் என்றால் பாருங்கள்!

அந்தப் பணம் எதற்கெல்லாம் செலவாயிற்று என்று பார்த்தால், பல சாத்திரங்கள் ஒரே சமையலறையில் கூடியதன் அர்த்தம் விளங்கும். கர்ப்பம் எத்தனை வாரம் என்று ஸ்கான் வைத்துப் பார்க்க ஒருவர். பெண்கள் ஒரு நாள் முழுக்க அணிந்துகொள்ளும் உடுப்பில் புகை அளக்கும் கருவியைப் பொருத்த ஒருவர். பழைய விறகடுப்பில் கள்ளத்தனமாகத் தீ மூட்டினால் காட்டிக்கொடுக்கும் சூடு அளக்கும் சின்னக் கருவிக்கு ஒருவர். பிறந்த குழந்தையை எடை போட ஒருவர். "ஏன் அம்மா, வெந்நீர் மட்டும் விறகில் வைக்கிறாய்?" என்று பக்குவமாகக் கேட்டுப் பேசிப் புரியவைக்க ஒருவர். எல்லாவற்றையும் கூட்டிக் கழிக்கக் கணக்குப் புலிகள்.

கூட்டுக் குடும்பத்தில் நாலு மருமகள்கள் ஒரே அடுப்பில் சமைத்த அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கும். உப்பு யார் போடுவது என்று பேசி வைத்துக்கொள்ளாவிட்டால் ஒன்று குழம்பில் உப்பே இராது, அல்லது நாலு பங்கு இருக்கும். விஞ்ஞானிகளிலும் அப்படித்தான். கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது, யார் சர்வகலாசாலைக்குப் பணம் வந்து சேருவது, எந்த அளவை எல்லோரும் ஒப்புக்கொள்வது என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதற்கே மாதக் கணக்கில் ஆகும். மானியம் கொடுக்கிறவர்கள் இந்தப் பேச்சுக்கான காலத்துக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். "மூன்று வருஷம், அதற்குள் முடிவைக் காட்டு" என்கிற மானியத்தில் சம்பந்தி பேசவே நேரம் போதாது, கல்யாணம் எப்படி நடக்கும்?

சரி, முடிவு என்ன ஆயிற்று? அடுப்பு தன் வேலையைச் செய்தது. விறகு வீடுகளில் பெண்கள் சுவாசித்த நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 71 மைக்ரோகிராம். காஸ் வீடுகளில் சுமார் 24. மூன்றில் ஒரு பங்கு! பெண்களும் சொன்ன வார்த்தை தவறாமல் காஸிலேயே சமைத்தார்கள். சூடு அளக்கும் கருவி சாட்சி.

குழந்தைகள்? காஸ் வீடுகளில் பிறந்த குழந்தையின் சராசரி எடை 2921 கிராம். விறகு வீடுகளில் 2898 கிராம். வித்தியாசம் 23 கிராம். ஓர் எலுமிச்சம்பழத்தின் எடைகூட இல்லை. இவ்வளவு சிறு வித்தியாசம் தற்செயலாகவே வரலாம் என்று கணக்குப் புலிகள் சொல்லிவிட்டார்கள். இது 2022ல் வெளிவந்தது. 2024ல் மற்றவையும் வந்தன. குழந்தைகளுக்கு வந்த கடும் நிமோனியா இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. வயதுக்கேற்ற உயரம் வளராத குழந்தைகள் காஸ் வீடுகளில் நூற்றுக்கு 27, விறகு வீடுகளில் 25. அதிலும் லாபம் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? இருநூறு கோடி ரூபாயைப் போட்டு எலுமிச்சம்பழமா என்று தோன்றியது. அந்தப் பணத்துக்கு எத்தனை சிலிண்டர் வாங்கிக் கொடுத்திருக்கலாம்!

ஆற அமர யோசித்தபோது வேறொன்று பட்டது. டாக்டர்கள் மட்டும் தனியாக இந்தப் பரிசோதனையை நடத்தியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "பெண்கள் அடுப்பைச் சரியாக உபயோகிக்கவில்லை, அதனால்தான் பலன் இல்லை" என்று பழியை நம் தலையில் போட்டிருப்பார்கள். அடுப்பு செய்கிறவர்கள் மட்டும் நடத்தியிருந்தால், "புகை மூன்றில் ஒன்றாகிவிட்டது, வெற்றி!" என்று முரசு கொட்டிப் போயிருப்பார்கள். எல்லோரும் ஒரே மானியத்துக்குள், ஒரே வீட்டு வாசலில் நின்றதால் இரண்டு சாக்குக்கும் இடமில்லை. பெண்கள் அடுப்பை உபயோகித்தார்கள், புகையும் குறைந்தது, ஆனாலும் எடை கூடவில்லை. இப்படிக் கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தால்தான் திறக்க வேண்டிய கதவு எது என்று தெரியும்.

அது எது என்பதில் விவாதம் நடக்கிறது. கர்ப்பமாகி 9 முதல் 20 வாரத்துக்குள்தான் அடுப்பு கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்குமுன்பே ஆரம்பித்திருக்க வேண்டுமோ என்கிறார்கள் சிலர். 24 மைக்ரோகிராமே இன்னும் அதிகம் என்கிறார்கள் வேறு சிலர். உலக சுகாதார ஸ்தாபனம் 2021ல் சொன்ன வருஷச் சராசரி 5தானே! பக்கத்து வீட்டு விறகும் தெருவில் எரியும் குப்பையும் காஸ் அடுப்பைப் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை. இதே போரூர்க் குழுவினர், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் மானியத்தில் தமிழ்நாட்டில் 1285 கர்ப்பிணிகளைக் கவனித்து, நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் குழந்தை எடை 4 கிராம் குறைகிறது என்று 2018ல் எழுதியிருந்தார்கள். அந்தக் கணக்குப்படி 47 மைக்ரோகிராம் குறைந்தால் ஏறக்குறைய 19 கிராம் கூட வேண்டும். நாலு தேசத்தில் கண்ட 23 கிராமுக்கு அது அப்படி ஒன்றும் தூரமில்லை! இரண்டு ஆராய்ச்சியிலும் புகையை அளந்த முறை வேறு. ஆகையால் என் அரிச்சுவடிக் கணக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காஸ் வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டு யாரும் விறகுக் கடைக்குப் போய்விட வேண்டாம். கண் எரிச்சல் இல்லை, சுள்ளி பொறுக்கும் அலைச்சல் இல்லை, பாத்திரத்தில் கரி இல்லை. குழந்தையின் எடையைத் தராசில் போடலாம். இந்த நிம்மதியை எந்தத் தராசில் போடுவது? வீட்டுப் புகையால் உலகத்தில் 2020ல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு. 2019-21 கணக்கெடுப்பில் நம் நாட்டில் நூற்றுக்கு 59 வீடுகளில்தான் புகையற்ற எரிபொருளில் சமைத்தார்கள். 2016ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்புப் பெற்ற ஏழைக் குடும்பங்களில் பலர், இரண்டாம் சிலிண்டருக்குப் பணமில்லாமல் மறுபடி சுள்ளியைத் தேடுகிறார்கள். ஆராய்ச்சியில் சேர்ந்த பெண்களுக்கும் பதினெட்டு மாதம் கழிந்ததும் இலவச எரிவாயு நின்றுபோயிற்று. மானியத்துக்கு ஆயுள் உண்டு, பசிக்கு இல்லையே. அந்தப் பெண்களில் எத்தனை பேர் இன்றும் காஸில் சமைக்கிறார்கள் என்பதை அறியவும் ஒரு மானியம் வேண்டும்.

முதல் மானியத்தோடு கடையைக் கட்டிவிடாமல், பிறந்த குழந்தைகளின் வளர்ச்சியைத் தொடர்ந்து பார்க்கவும் ஏற்பாடு செய்தார்கள். பிறந்தபோது தெரியாத வித்தியாசம் நுரையீரலிலோ, படிப்பிலோ பிறகு தெரியுமா என்று பார்க்க வேண்டும் அல்லவா? நாகப்பட்டினத்திலும் விழுப்புரத்திலும் அந்தக் குழந்தைகளுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் வயது.