இரண்டாவது கையெழுத்து

2022 கோடையில் ஒரு ஊராட்சிக்குப் போயிருந்தேன். தலைவர் தலித் பெண். சேரிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் எரிந்து பதினோரு நாள். ஊராட்சிக் கணக்கில் பணம் இருக்கிறது, செக்கும் எழுதியாயிற்று. துணைத்தலைவர் கையெழுத்துப் போடவில்லை.

“நாலு தடவ அவுங்க வாசல்ல போய் நின்னேன் தோழர். திண்ணையில உக்காருன்னு ஒரு வார்த்த சொல்லல. செக்க வச்சுட்டுப் போ, பாக்கலாம்னாங்க.”

தொகை ஆறாயிரத்துச் சொச்சம். கடைசியில் அந்தம்மா தன் தோட்டை அடகு வைத்து மெக்கானிக்குக் கொடுத்தார்.

இது ஒரு தனி மனிதரின் திமிர் மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒதுக்கீடு தலைவர் பதவிக்குத்தான், துணைத்தலைவர் பதவிக்குக் கிடையாது. நாற்காலி நமக்கு, சாவி அவர்களுக்கு.

அந்தப் பணம் யாருடையது? வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், தொழில் வரி என்று ஊராட்சி வசூலிப்பது சொற்பம். அரசியல் சட்டத்தின் 243எச் பிரிவே வரி போடும் அதிகாரத்தை ஊராட்சிக்கு மாநிலம் ‘கொடுக்கலாம்’ என்றுதான் சொல்கிறது. ஆகவே மீதிக்கு மேலே பார்த்துக் கையேந்த வேண்டும், மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம் என்று. 2021-26க்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று கட்டிப்போட்டார்கள். நல்லது. ஆனால் எந்தத் தெருவின் குடிநீருக்கு என்று யார் கட்டிப்போட்டது? ஊர்த்தெருவில் இரண்டாவது போர்வெல் போட்டாலும் அது குடிநீர்தான்.

நம் தோழர்கள் சிலருக்கு வரவு செலவு என்றாலே கொட்டாவி வருகிறது. சீர்திருத்தவாதமாம். ஆதிக்க சாதிக்கு ஒருநாளும் கொட்டாவி வந்ததில்லை. 1997இல் மேலவளவில் தலைவர் முருகேசனையும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றவர்களும், பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996இலிருந்து 2006 வரை தலித் தலைவரை உட்காரவிடாமல் தடுத்தவர்களும் வெறும் மரநாற்காலியையா காத்தார்கள்? கண்மாய் மீன் குத்தகை, புளியமர ஏலம், ரோடு கான்ட்ராக்ட் எல்லாம் அது வழியாகத்தானே போகும்.

2019 டிசம்பரில் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. கையெழுத்துத் தகராறு அதோடு தீர்ந்தது, நம் தலைவர்களும் வீட்டுக்குப் போனார்கள்!

தலைவரோடு ஊராட்சிச் செயலர் கையெழுத்திட்டால் போதும் என்று சட்டத்தைத் திருத்த வேண்டும். செயலரும் யோக்கியர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் அரசுக்குப் பதில் சொல்ல வேண்டியவர், அவர்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லிப் போராடலாம்.

அதுவரை, கல்லூரியில் படிக்கிற தம்பிகளே, தங்கைகளே, அடுத்த கிராம சபைக்கு ஊருக்குப் போங்கள். வரவு செலவைத் தெருவாரியாகக் கேளுங்கள். சேரி கட்டிய வீட்டு வரி எவ்வளவு, சேரிக்குச் செலவானது எவ்வளவு, ஊரில் எத்தனை தெருவிளக்கு, நம் பக்கம் எத்தனை? பதிலை, பதில் தர மறுத்தால் அதையும், எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அப்படியே போடுகிறோம்.